ரோல்டாலுக்குப் போன டைனமோ

ப்ரேபன் அந்த வருடம் என்னோடு வரப்போவதில்லை என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த கார்புரேட்டரைப் பார்த்துச் சொன்னான்.

"ஜூலைல யோன்னாவோட நார்வே போலாம்னு இருக்கேன்."

நான் வால்வு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நாம வழக்கமா போற மாதிரியா?"

"நாம இல்ல. நானும் அவளும்."

ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை அது. ஹோப்ரோ என்ற சின்ன ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு ப்ரேபன் வருவான். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அவன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தவன். நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு பேரும் ஓய்வு பெற்று நாலைந்து வருடம் ஆகிறது. எங்களைச் சேர்த்து வைத்தது நிம்பஸ். நாங்கள் பிறந்த காலத்து மோட்டார் சைக்கிள். நாலு சிலிண்டர், ஓடும்போது பெரிய வண்டு ஒன்று காதோரம் சுற்றுவதுபோல ஒரு ரீங்காரம். என் வண்டியில் சைடு கார் உண்டு. அவனுடையதில் கிடையாது. இரண்டும் என் ஷெட்டில்தான் நிற்கும். குளிர்காலம் முழுக்கப் பிரிப்போம், கழுவுவோம், திரும்ப மாட்டுவோம். அதாவது நான் பிரிப்பேன், நான் மாட்டுவேன். ப்ரேபன் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு வரப்போகிற கோடைக்கு வழி சொல்லுவான். ஜூலையில் இரண்டு வாரம் கிளம்பிவிடுவோம். லோஃபோட்டன் தீவுகள், ஸ்காட்லாந்து, ஒருமுறை போலந்து வரைக்கும். ஷெட் சுவரில் பத்தொன்பது படங்கள் ஒட்டியிருந்தேன். எல்லாவற்றிலும் நாங்கள் இரண்டு பேர், இரண்டு வண்டிகள், பின்னால் ஒரு மலை அல்லது ஒரு கடல்.

யோன்னா என்பவள் மாட்டு டாக்டர். ஓய்வு பெற்று முந்தின வருடம்தான் எங்கள் ஊரில் வீடு வாங்கி வந்திருந்தாள். அவள் வைத்தியம் பார்த்த பண்ணைக்காரர் ஒருவர் இறந்துபோனதும் அவருடைய மகள் பழைய நிம்பஸ் ஒன்றை ஏழு அட்டைப் பெட்டிகளில் போட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டாளாம். எங்கள் நிம்பஸ் கிளப்பின் காபி கூட்டத்துக்கு வந்து, "இதையெல்லாம் எப்படி ஒன்னா சேக்கறது, யாராவது சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள். நான் அப்போது கேக் தின்றுகொண்டிருந்தேன். வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் ப்ரேபன், "நான் வரேன்" என்று சொல்லிவிட்டான்.

அவன் வாழ்க்கையில் ஒரு பிஸ்டனைக்கூடத் தனியாக மாட்டியதில்லை.

முதலில் செவ்வாய்க்கிழமைகளில் போனான். பிறகு சனியும் சேர்ந்தது. வியாழக்கிழமை என் ஷெட்டுக்கு வந்தாலும் "யோன்னா சொல்றா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். எஞ்சின் எண்ணெய் எது நல்லது என்று யோன்னா சொல்கிறாள். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று யோன்னா சொல்கிறாள்.

"அந்த மாட்டு டாக்டருக்கு டயரப் பத்தி என்ன தெரியும்?" என்றேன் ஒருநாள்.

"புத்தகம் வாங்கிப் படிக்கிறா, வெர்னர். நீதான் எதையும் படிக்கறதில்ல."

ரொட்டிக் கடைக்குப் போக அவள் வீட்டு வழி கிடையாது. ஆனாலும் நான் அந்த வழியாகவே போக ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவள் கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. வாசற்படியில் ப்ரேபனின் மரச்செருப்பு. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எட்டிப் பார்த்தேன். ப்ரேபன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அவன் கையில் ஸ்பேனர். யோன்னா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் என் ஷெட்டில் அவன் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டதில்லை. இங்கே காதுவரைக்கும் கறுப்பு. ரொட்டி வாங்காமலே திரும்பி வந்தேன்.

மே மாதம் அவன் தன் வண்டியையும் எடுத்துக்கொண்டு போனான். "அங்க இடம் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்க வசதி" என்றான். அது நின்ற இடத்தில் சிமெண்ட்டுத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. என் மனைவி கிரெட்டே தன் சைக்கிளைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுநாள் திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அது ப்ரேபன் வண்டி நிக்கற இடம்."

"நின்ன இடம்" என்றாள் கிரெட்டே.

அந்த மாதம் முழுவதும் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. கிரெட்டே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தாள். காரணம் கேட்கவில்லை.

ஜூலை முதல் வாரம் அவர்கள் கிளம்பிப் போனார்கள். போகும்போது என் வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடித்தார்கள். நான் கழிவறையில் இருப்பதாகச் சொல்லும்படி கிரெட்டேவிடம் சொல்லிவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யோன்னாவின் வண்டி நன்றாகவே வந்திருந்தது. பெயிண்ட் பளபளப்பு கொஞ்சம் அதிகம். நிம்பஸுக்கு அவ்வளவு பளபளப்பு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. கிரெட்டே சமையலறை மேசையில் புது உருளைக்கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரமாக நின்று பேசினேன்.

"வெர்னர், நாங்க ரோல்டால்ல மாட்டிக்கிட்டோம்" என்றான் ப்ரேபன். "யோன்னா வண்டி மலை ஏறி இறங்கறப்ப அப்படியே நின்னுடுச்சு. டைனமோ போச்சு. அதோட தலைல இருக்கற பல்சக்கரம் மொத்தமும் மழுங்கிக் கிடக்கு."

மற்ற வண்டிகளில் டைனமோ போனால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். நிம்பஸில் டைனமோ எஞ்சினுக்கு முன்னால் செங்குத்தாக நிற்கும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றுவதே அந்த டைனமோவின் அச்சுதான். அது செத்தால் எஞ்சினும் செத்தது.

"கிளப்ல பாகம் குடுக்கறவர் லீவுல போயிட்டார். ஆகஸ்ட் வரைக்கும் ஒன்னும் நடக்காதாம்" என்றான். "உன்கிட்ட ஒன்னு இருந்துச்சே. ரொட்டிப் பையில சுத்தி வெச்சிருப்பியே."

இருந்தது. நானே செப்புக் கம்பி சுற்றி, நானே பேரிங் போட்டு, ஷெட்டின் மேல்தட்டில் வைத்திருந்தேன். அவன் கேட்ட அந்த நொடியில் எனக்கு அந்தப் பையின் மடிப்புகூடக் கண்ணில் தெரிந்தது.

"அதப் போன வருஷமே ஓடென்ஸ்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டேனே" என்றேன்.

"ஓ. சரி. அப்ப பாக்கறோம்" என்று வைத்துவிட்டான்.

கிரெட்டே கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "மேல்தட்டுல தகர டப்பாவுக்குப் பக்கத்துல ஒரு ரொட்டிப் பை இருக்கே, அது என்ன?"

"வேற சாமான்."

"சரி" என்றாள் அவளும்.

அன்று மாலை நான் ஷெட்டுக்குப் போகவில்லை. புதன்கிழமை வேலியை வெட்டினேன். வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத வேலி. மலைக்கு நடுவில் அந்த வண்டி நிற்பதை நினைக்க நினைக்க உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். டயருக்கு எவ்வளவு காற்று என்று சொன்னவள் இப்போது சொல்லட்டுமே என்று இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் சாப்பாட்டு மேசை வரைக்கும் தாங்கவில்லை. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தனியாக ஷெட்டில் உட்கார்ந்தேன். சுவரில் பத்தொன்பது படங்கள். பதினோராவது படத்தில், ஸ்காட்லாந்தில், என் வண்டியின் கிளட்ச் எரிந்துபோய் மூன்று நாள் மழையில் கிடந்தோம். அப்போது ப்ரேபன் நாற்பது கிலோமீட்டர் நடந்தும் லாரி ஏறியும் போய்ப் பாகம் வாங்கி வந்தான். தவறான பாகம். இருந்தாலும் போனான்.

ரொட்டிப் பையை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியை வெளியே எடுத்தேன். டைனமோ, கருவிப் பெட்டி, கூடாரம் எல்லாவற்றையும் வெளியே அடுக்கி வைத்தேன். சைடு காரில் ஏற்றலாம் என்று திரும்பினால், கிரெட்டே அதில் உட்கார்ந்திருந்தாள். மழைக்கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, மடியில் ஒரு கூடை.

"எங்க போறே?"

"நீ போற இடத்துக்கு."

"சாமானெல்லாம் எங்க வெக்கறது?"

"பின்சீட்ல கட்டு. கூடாரம் என் காலடியில இருக்கட்டும். எனக்குக் கால் நீளமில்ல."

ஹிர்ட்ஷல்ஸ் துறைமுகத்தில் நார்வே போகும் கப்பலில் ஏறினோம். கப்பல் கிளம்பியதும் மேல்தளத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்தோம். கூடையிலிருந்து ஈரல் பேஸ்ட் தடவிய ரொட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ப்ரேபன் அந்தப் பொம்பளையோட போனதுல உனக்கு எவ்ளோ எரிஞ்சுது?" என்றாள்.

"எரிச்சலெல்லாம் ஒன்னுமில்ல."

"அப்ப நான் மாத்திரை வாங்கிட்டு வந்தது யாருக்கு, பூனைக்கா?"

நான் ரொட்டியைத் தின்றேன்.

"எனக்கு யாரும் மாத்திரை வாங்கித் தரல, வெர்னர். பத்தொன்பது ஜூலை."

எனக்கு முதலில் அவள் எதைச் சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். கோபம்கூட இல்லை, மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல. "மூணாவது வருஷம் நானும் வரேன்னு சொன்னேன். சைடு கார்ல இடமில்ல, சாமான் வெக்கணும்னே. வழியனுப்ப வந்து பாத்தேன். உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? ப்ரேபனோட மடக்கு நாற்காலி."

அவனுக்கு முதுகு வலி. தரையில் உட்கார முடியாது.

"ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ரெண்டு பேரும் அந்தப் படத்த ஒட்டுவீங்க. நான் காபி கொண்டாந்து வெப்பேன். 'இது எங்க எடுத்தது?'ன்னு கேட்டா ப்ரேபன்தான் பதில் சொல்லுவான். நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டே."

"ஏன் அப்பவே சண்டை போடல?"

"உன் சிநேகிதன்கிட்டயிருந்து உன்னப் புடுங்கிட்டு வர எனக்கு இஷ்டமில்ல." காபிக் குடுவையின் மூடியைத் திருகினாள். "ஆனா அவன் வண்டிய எடுத்துட்டுப் போனானே, அன்னிக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. சைக்கிளக் கொண்டாந்து வெச்சது அதுக்குத்தான்."

நார்வேக் கரை தெரியும்வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் வயிற்றெரிச்சல் எனக்கு மட்டுமே வந்த புது வியாதி என்று மூன்று மாதமாக நினைத்திருந்தேன். அது என் வீட்டு மேசையில் எனக்கு எதிரே பத்தொன்பது வருடம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

கப்பல் இறங்கிய கிறிஸ்டியான்சாண்டிலிருந்து ஆற்றை ஒட்டி வடக்கே போனோம். சைடு காரில் ஆள் உட்கார்ந்தால் வண்டி நன்றாக நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மறந்துபோயிருந்தது. இடப்பக்கத் திருப்பங்களில் மடக்கு நாற்காலி ஒருநாளும் எனக்காகச் சாய்ந்து கொடுத்ததில்லை. கிரெட்டே சொல்லாமலே சாய்ந்தாள். அன்றிரவு பள்ளத்தாக்கில் ஒரு மரக்குடிலில் தங்கினோம். மறுநாள் ஹௌகெலி மலையின் பழைய சாலையில் ஏறினோம். ஜூலையிலும் இரண்டு பக்கமும் அழுக்குப் பனி ஆள் உயரத்துக்கு நின்றது. கிரெட்டே கையை நீட்டி அதில் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சாலையில் நான் நாலு முறை போயிருக்கிறேன். பனியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ரோல்டாலில் ஏரிக்கரைக் கூடார மைதானத்துக்குள் நுழைந்தோம். யோன்னா தன் வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். என்னைவிட உயரம், குட்டையாக வெட்டிய நரைமுடி, முழங்கைக்குக் கீழே விறகுவெட்டியினுடையது போன்ற கை. ப்ரேபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சனிக்கிழமை, ரெண்டு மணி" என்றான் அவளிடம். "நான் சொன்னேன்ல."

"என்ன சொன்னே?" என்றேன்.

"நீ சனிக்கிழமைக்குள்ள வந்துடுவேன்னு. யோன்னா நம்பல. பந்தயத்துல தோத்துட்டா. இன்னிக்குப் பாத்திரம் அவதான் கழுவணும்."

"நான்தான் டைனமோ இல்லன்னு சொன்னேனே."

"நாலு வாரத்துக்கு முன்னாடி உன் ஷெட்டுக்கு வந்தப்ப அது தட்டுல இருந்துச்சு, வெர்னர்." சத்தம் போடாமல், கிரெட்டேவுக்குக் கேட்காத அளவில் சொன்னான். "கோவம் ஆற ரெண்டு நாள். யோசிக்க ஒரு நாள். வழிக்கு ரெண்டு நாள்னு கணக்குப் போட்டேன், அதுதான் தப்பா போச்சு, ஒன்றரை நாள்லயே வந்துட்டே."

அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருவன் நம்மை இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பதைத் தாங்குவது கஷ்டம். "டைனமோவக் கழட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

கழற்றி வைத்திருந்தார்கள். நான் சாக்கில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துத் திருப்பினேன். பல்சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுக்கு அடியில் ஒரு பூட்டு வாஷர் இருக்க வேண்டும். மெல்லிய தகடு, நட்டு தானாகக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது. அது இல்லவே இல்லை. நட்டு மெதுவாகத் தளர்ந்து, சக்கரம் ஆடி ஆடி, பல்லெல்லாம் போயிருக்கிறது. மாட்டியவன் மறந்திருக்கிறான். மாட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும்.

ப்ரேபனைப் பார்த்தேன். அவன் ஏரியைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது.

மூன்று மாதமாக நான் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தான். ஒரு வாக்கியம் போதும். அவள் முன்னால் அவன் வெறும் மேப் வாத்தியார் ஆகிவிடுவான். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, ருசிகூடத் தெரிந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் யோன்னா.

"பழசு. தேய்ஞ்சுபோச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. ஸ்காட்லாந்து மழையாக இருக்கலாம்.

பிறகு நானும் யோன்னாவும் வேலையில் இறங்கினோம். அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். அவ்வளவு நன்றாக இருந்தது. கையை நீட்டினால் கேட்காமலே சரியான ஸ்பேனர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எஞ்சினுக்கும் டைனமோவுக்கும் நடுவில் என் விரல் போகாத சந்தில் அவள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "சக்கரம் ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்கு" என்றாள். கழற்றிப் பார்த்தேன். சரியாக ஒரு பல்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பத்தஞ்சு வருஷம் பசுமாட்டுக்குள்ள கைய விட்டுத்தான் கன்னுக்குட்டியோட காலத் தேடினேன். இங்க எதுவும் உதைக்கல, அதுவே பெரிய வசதி."

நான் சிரித்தேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு நன்றாகச் சிரித்தேன். வால்வு திறந்து மூடும் நேரத்தைச் சரி செய்யும்போது நான் எஞ்சினைச் சுற்றினேன், அவள் குறிகளைப் பார்த்தாள்.

ப்ரேபன் காபி கொண்டுவந்தான். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து போதுமா என்று கேட்டான். மூன்றாம் முறை வெறும் கையோடு வந்து எங்களுக்கு நடுவில் நின்று, "கை வலிக்கும், யோன்னா. விட்டுட்டு வா, ஏரிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றான்.

"நீங்க போங்க. கிரெட்டேவக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள் தலையை நிமிர்த்தாமல்.

மாலை குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ எப்பக் கிளம்பறே?"

"வந்து நாலு மணி நேரம்கூட ஆகல, ப்ரேபன்."

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து தினமும் சவரக் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. எனக்கு அது இனித்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை, இனித்தது. வேண்டுமென்றே நிதானமாகக் கையைத் துடைத்தேன். "யோன்னாவுக்குக் கியர்பாக்ஸையும் ஒரு தடவை தொறந்து பாக்கணுமாம். என்னப் பாக்கச் சொல்றா" என்றேன்.

அவன் தன் கூடாரத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஒரே உதையில் வண்டி கிளம்பியது. யோன்னா எஞ்சினை நிறுத்திவிட்டு, கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அந்த வாஷர் எங்க கராஜ் மேசையில கிடந்தது. ஜூன்லயே பாத்தேன். ஏதோ மிச்சம்னு நெனச்சுட்டேன். இங்க வந்து பிரிச்சப்பதான் புரிஞ்சுது."

"அப்ப ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"அத மாட்டி முடிச்ச அன்னிக்கு அவர் ரொம்ப சந்தோஷமா இருந்தார். ஒரு மணி நேரம் அந்த டைனமோவயே பாத்துட்டு உக்காந்திருந்தார்." கையை உதறினாள். "நீங்களும்தான் சொல்லலியே."

அவள் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் மனைவி விட்டுப் போனதிலிருந்து ப்ரேபனைப் பற்றி யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் என்னவோ அவன் ஷெட்டை விட்டு ஷெட்டுக்கு மாறிவிட்டான் என்று மட்டும் நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். கிரெட்டேவிடம் போய்ச் சொன்னேன். அவள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள். "நேத்து ஏரிக்கரைல மூணு கிலோமீட்டர் நடந்தோம். அவன் ஒரு கிலோமீட்டர் அவளப் பத்தியும் ரெண்டு கிலோமீட்டர் நீ எப்பப் போவேன்னும் பேசினான்."

காபி குடிக்கும்போது யோன்னா மேப்பை விரித்தாள். "நாலு பேருமா மேல ஓடாங்கற ஊர் வரைக்கும் போலாமே. வெர்னர் கூட இருந்தா எனக்குத் தைரியம்."

எனக்குப் போக ஆசையாக இருந்தது. அவளோடு இன்னும் ஒரு வாரம் வேலை பார்க்கலாம், கியர்பாக்ஸைத் திறக்கலாம். ப்ரேபன் முகம் தொங்குவதையும் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். இரண்டில் எது பெரிய ஆசை என்று என்னைக் கேட்கக்கூடாது. ப்ரேபன் கரண்டியால் காபியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் காபியில் சர்க்கரை போடுவதில்லை.

கிரெட்டே மேப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "வெர்னர், நீயும் ப்ரேபனும் போகாத ரோடு ஒன்னு காட்டு."

நான் பார்த்தேன். போன இடம், தங்கிய இடம், மழையில் நனைந்த இடம். தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ரோல்டாலிலிருந்து தெற்கே மலை மேல் ஏறி சௌடாவுக்கு இறங்கும் ஒரு குறுகலான சாலை. கோடையில் மட்டும் திறப்பார்கள். இரண்டு முறை அதன் வாய்வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறோம். ப்ரேபனுக்கு உயரம் ஆகாது.

"இது" என்றேன்.

"அப்ப நாங்க அந்தப் பக்கம்" என்றாள் கிரெட்டே. "நீங்க மேல போங்க."

ப்ரேபன் கரண்டியை வைத்தான்.

அவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள். யோன்னா என் கையைப் பிடித்துக் குலுக்கி, கியர்பாக்ஸோடு அக்டோபரில் வருவதாகச் சொன்னாள். ப்ரேபன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். என்னவோ சொல்ல நினைத்து, "எண்ணெயப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். இரண்டு வண்டிகளும் ஏரிக்கரை வளைவில் மறைந்த பிறகும் சத்தம் கேட்டது. யோன்னாவின் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. நான் வைத்த வால்வு நேரம் சரி. அந்தச் சத்தம் போகப் போக வயிற்றில் பழைய இடத்தில் ஒருமுறை சுருக்கென்றது. மாத்திரை வீட்டில் இருந்தது.

"ஓட்டு" என்றாள் கிரெட்டே.

சௌடா சாலை ஒரு வண்டிக்கு மேல் கொள்ளாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கிரெட்டே உட்கார்ந்திருந்தது அந்த ஒன்றுமே இல்லாத பக்கம். நடுச் சாலையில் ஆடுகள் படுத்திருந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டு அவை எழுந்து போகும்வரை காத்திருந்தோம், முக்கால் மணி நேரம். அவள் கூடையில் இருந்த ஸ்ட்ராபெரி முழுவதும் தீர்ந்தது. "கீழ தெரியறது ஆறா, ஏரியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பூகோள வாத்தியார் கூட இல்லை. அவளே எட்டிப் பார்த்து, "ஏரி" என்று முடிவு செய்தாள்.

சௌடாவில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஒரு சின்ன விடுதி அறையில் உட்கார்ந்து சீட்டாடினோம். கிரெட்டே கடையில் ஒரு தபால் அட்டை வாங்கி வந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ப்ரேபனுக்கும் யோன்னாவுக்கும் என்ன எழுதறது?" என்றாள்.

"இந்த மாதிரி ரோட்ட நான் வாழ்க்கைல பாத்ததில்லன்னு எழுது."

"அவன் பொறாமைப்படட்டும்னா?"

"கொஞ்சம்."

அவள் எழுதினாள். 'வாழ்க்கையில்' என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் ப்ரேபன் ஃபோன் செய்தான். யோன்னா வீட்டிலிருந்துதான் பேசினான். அங்கேயே குடிபோகப் போவதாகப் பிறகு போகிறபோக்கில் சொன்னான். முதலில் கேட்டது வேறு.

"அந்த ரோட்டுல ஓரத்துல தடுப்பு இருக்கா?"

"சில எடத்துல இருக்கு."

"சில எடத்துலன்னா?"

"இல்லாத எடம்தான் ஜாஸ்தி."

"யோன்னா அடுத்த வருஷம் அதுலதான் போகணும்னு நிக்கறா. நீயும் வரியாடா? நீ முன்னாடி போனா நான் உன் பின்சக்கரத்தப் பாத்துக்கிட்டே வந்துடுவேன்."

சரி என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கிரெட்டே மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"கிரெட்டேவக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "யோசிக்கறோம்னு சொல்லு" என்றாள்.